‘என்றிலிருந்து இப்படி?’ என்று யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரின் மனநலம் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை வீட்டில் இருக்கும் முதியவர்களைப் பற்றியவை. உடம்புக்கு முடியாமல் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு முதியவருக்கு மனநோய் என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக் கூடாது என்பதைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. பொது மருத்துவ வார்டுகளில் 33 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆனாலும் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது, ஒரு நோயாளியின் மகளாக நான் பட்ட பாடுதான்.

என் தந்தைக்கு அப்போது 81 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, நான் பணியாற்றியிராத ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் மாலை, போர்வையிலிருந்து இல்லாத நூலை இழுத்து இழுத்து விரலில் சுற்றத் தொடங்கினார். கதவோரம் யாரோ நிற்பதாகச் சொல்லி, “அவரை உட்காரச் சொல்லும்மா, எவ்வளவு நேரம் நிற்பார்” என்றார். இரவில் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். தடுத்தவர்களை ஒருமையில் திட்டினார். அவர் வாயிலிருந்து அப்படிப்பட்ட சொற்கள் வந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. காலையில் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி, “ஐயா, இது என்ன வருஷம்?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும்போது கழற்றிக் கொடுத்த காது கேட்கும் கருவி, கைக்குட்டையில் முடியப்பட்டு என் கைப்பைக்குள் இருந்தது. கேள்வியே அவர் காதில் விழவில்லை என்பது, என்னையும் சேர்த்து, அங்கு நின்றிருந்த எவருக்கும் உறைக்கவில்லை. ஒரே நிமிடத்தில் கேஸ் ஷீட்டில் ‘டிமென்ஷியா’, அதாவது மறதி நோய், என்ற சொல் ஏறிவிட்டது. கூடவே இரவுக்கு ஒரு தூக்க மாத்திரையும்.

நானும் அதை நம்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முந்தின வாரம் வீட்டுக் கணக்கைச் சரிபார்த்து, நான் கூட்டியதில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டியவர் அவர். அப்படிப்பட்டவருக்கு நான்கே நாளில் மறதி நோய் எப்படி வரும் என்று ஒரு செவிலியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கட்டிலருகே உறவினராக உட்காரும்போது, தாளில் எழுதப்பட்ட சொல்லுக்கு அவ்வளவு கனம் வந்துவிடுகிறது. ‘ஒருவேளை முன்பே இருந்திருக்குமோ, நாம்தான் கவனிக்கவில்லையோ’ என்று பழைய சம்பவங்களைத் தோண்டி அதற்குச் சாட்சி சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் இரவுப் பணிக்கு வந்த ஓர் இளம் செவிலியர்தான் போர்வையை விலக்கி அவருடைய அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தார். சிறுநீர்ப்பை தொப்புள்வரை புடைத்திருந்தது. அறுவைக்குப் பின் குழாயை எடுத்ததிலிருந்து சொட்டுச் சொட்டாக வெளியேறிக்கொண்டிருந்ததை ‘சிறுநீர் போகிறது’ என்று குறித்துவைத்திருந்தார்கள். மீண்டும் குழாய் செலுத்தியதும் ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. சளிக்கென்று கொடுத்திருந்த பழைய வகை ஒவ்வாமை மாத்திரை சிறுநீர்ப்பையையும் மந்தப்படுத்தும், வயதானவர்களின் மூளையையும் குழப்பும் என்பது மருத்துவ உலகுக்குத் தெரியாத செய்தியல்ல. அதுவும் நின்றது, தூக்க மாத்திரையும் நின்றது. அன்றிரவே தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கதை சொல்ல மாட்டேன். கதவோரம் நின்றவர் முழுதாக விடைபெற்றுப் போகப் பதினொரு நாள் பிடித்தது.

என் தந்தைக்கு வந்தது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். அது தனி நோய் அன்று. உடலில் வேறெங்கோ நடக்கும் கோளாற்றுக்கு மூளை அடிக்கும் மணி. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் காய்ச்சல், நீரிழப்பு, உப்புச் சத்துக் குறைவு, இரத்தச் சர்க்கரை இறங்குதல், தீராத வலி, மருந்துகள் என்று அதற்குக் காரணங்கள் பல. நாலைந்து நாள் மலம் கழியாமல் இருப்பதுகூட ஏற்கெனவே நலிந்த உடலில் போதுமான காரணமாகிவிடும். இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு முதியவர்களிடம் இது மிகச் சாதாரணமாக ஏற்படுகிறது. மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்லப் படர்வது. டெலிரியமோ மணிக் கணக்கில், நாள் கணக்கில் வந்து இறங்குவது. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் பிதற்றுவார், மறுநாள் மீண்டும் தெளிவார். எனவே இரண்டையும் பிரித்தறிய முதலில் வேண்டியது ஸ்கேன் அன்று. “என்றிலிருந்து இப்படி?” என்ற ஒரு கேள்வியும், அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த, அவரோடு ஒரே வீட்டில் வாழும் ஓர் ஆளும்தான்.

நான்காம் நாளில் மறதி நோய் என்று எழுதுவது மருத்துவ விதிகளுக்கே பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, டிமென்ஷியா என்று உறுதியாகச் சொல்ல அறிகுறிகள் குறைந்தது 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடும், டெலிரியம் இருக்கும் வேளையில் மட்டும் தென்படும் மறதியைக் கொண்டு அந்த முடிவுக்கு வரக் கூடாது என்கிறது. ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கு அதன்மேல் டெலிரியமும் வந்து உட்காரும் என்பது இதிலுள்ள இன்னொரு சிக்கல். உண்மையில் அவர்களுக்குத்தான் அது எளிதில் வருகிறது. “அவருக்கு ஏற்கெனவே மறதி நோய்தானே” என்ற அலட்சியத்தில் நுரையீரல் தொற்று முற்றிப்போன நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

டெலிரியத்தைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 1990ஆம் ஆண்டு ஷாரன் இனூயே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட மதிப்பீட்டு முறை நான்கே விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: மாற்றம் திடீரென்று வந்து ஏறி இறங்குகிறதா, கவனம் நிலைக்கிறதா, பேச்சில் கோவை இருக்கிறதா, விழிப்புநிலை இயல்பாக இருக்கிறதா. மாற்றம் அப்படி வந்து, கவனமும் நிலைக்காமல், பிந்தைய இரண்டில் ஒன்றிலாவது கோளாறும் சேர்ந்தால் டெலிரியம் என்று கொள்ள வேண்டும். பின்னர் வந்த ‘ஃபோர் ஏ டி’ என்ற முறை இன்னும் சுருக்கமானது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதில் கவனத்தைச் சோதிக்க, ஆண்டின் மாதங்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். மாதப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பழகாதவரிடம் கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்டுப் பார்க்கலாம். சனி, வெள்ளி என்று தொடங்கியவர் மூன்றாவது கிழமைக்கு வருவதற்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எங்கோ போய்விடுவார். நினைவு தவறுவதைவிடக் கவனம் இப்படி நழுவுவதுதான் டெலிரியத்தின் அடையாளம். வாரக் கணக்கில் ஜன்னலும் கடிகாரமும் இல்லாத அறையில் படுத்திருந்தால் இன்று என்ன தேதி என்பது எனக்கே தெரியாது. அந்தக் கேள்விக்கு மட்டும் நாம் கொடுக்கும் மதிப்பு கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து.

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் பல்செட்டும் பாதுகாப்பாக அலமாரியில் இருக்க, அவற்றுக்கு உரியவர் தோல்வியடையும் பரீட்சையை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தாய்மொழி அல்லாத மொழியில் கேட்டு, தயக்கத்தை மறதி என்று எழுதுவதும் நடக்கிறது. 1975 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கும் 30 மதிப்பெண் மனநிலைச் சோதனையில் வாசிப்பது, எழுதுவது, தொடர்ந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் உண்டு. பள்ளிக்குப் போகாத ஒருவர் அதில் குறைந்த மதிப்பெண் பெற்றால், அது அவருடைய மூளையைப் பற்றி எதைச் சொல்லிவிடும்?

இதுவரை எழுதியது சத்தம் போடும் நோயாளிகளைப் பற்றி. என்னை அதிகம் உறுத்துவது சத்தமே போடாதவர்கள். டெலிரியத்தில் அமைதியான வகை ஒன்று உண்டு. நோயாளி குழாயைப் பிடுங்க மாட்டார், கத்த மாட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புவார், ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு மூன்றாவதை வாயிலேயே வைத்திருப்பார். பணி மாறும்போது செவிலியர்கள் நாங்கள், “பன்னிரண்டாம் நம்பர் பாட்டி தங்கம், ஒரு தொந்தரவும் இல்லை” என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போவோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் யாராவது கவனித்தாலும், அது மனச்சோர்வு என்று முடிவுசெய்து மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிவிடுவார்கள். இரத்தத்தில் சோடியம் தாழ்ந்திருப்பதால் சுணங்கிப்போன ஒருவருக்கு, உப்பின் அளவைப் பார்க்காமலே மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பரவலாகத் தரப்படும் மனச்சோர்வு மருந்து வகைகளில் சில, முதியவர்களுக்குச் சோடியத்தை மேலும் இறக்கக்கூடியவை.

இதைப் படித்துவிட்டு, முதியவர்களின் மனநோய் எல்லாமே உடல்நோய்தான் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. எதிர்த் திசையிலும் இதே அளவு தவறு நடக்கிறது. உண்மையான மனச்சோர்வு மருத்துவமனைகளில் தினமும் கண்ணுக்கு முன்னால் கிடந்து, “வயசானால் அப்படித்தான்”, “இந்த நோய் வந்தால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது” என்ற இரண்டு வாக்கியங்களுக்குள் புதைந்துபோகிறது. பசியின்மை, உறக்கமின்மை, களைப்பு, எடை குறைதல் ஆகியவை இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் பொதுவானவை. அவற்றை வைத்து மனச்சோர்வு உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. இதனால்தான் 1980களில் முதியோருக்கென்றே உருவான மனச்சோர்வு வினாத்தாள் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, முன்பு பிடித்தவற்றைக் கைவிட்டுவிட்டீர்களா, உங்களை எதற்கும் உதவாதவர் என்று நினைக்கிறீர்களா என்பது போன்ற, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கொண்டது. அதன் சுருக்க வடிவத்தில் 15 கேள்விகளே உள்ளன.

ஆனால் அக்கேள்விகளை யார் முன்னிலையில் கேட்கிறோம்? கட்டிலின் ஒருபுறம் மகன், மறுபுறம் மருமகள், திரைக்கு அப்பால் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர் கூட்டம். “மனசு சரியில்லையாம்மா?” என்று மருத்துவர் கேட்டால் அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “எனக்கென்ன குறை, தங்கமான பிள்ளைகள்” என்றுதான் சொல்வார். அப்படிச் சொன்ன ஒருவர், அதே நாள் பிற்பகல் தரையைத் துடைக்க வந்த பணியாளரிடம், “நான் போய்விட்டால் இவர்களுக்கு இந்த அலைச்சல் மிச்சம்” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பணியாளர் வந்து என்னிடம் சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று தனிமையில், பொறுமையாக, நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருப்பவருக்கு அதைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கும். அந்த அம்மாவுக்குச் சிகிச்சை பலித்தது. முதியவர்களின் மனச்சோர்வு குணமாகக்கூடிய நோய் என்பதைப் பல குடும்பங்கள் இன்னும் அறியாதிருக்கின்றன. மனச்சோர்வால் வரும் மறதியே டிமென்ஷியா போலத் தோன்றுவதும் உண்டு. எதைக் கேட்டாலும் முயன்றுகூடப் பார்க்காமல் “எனக்குத் தெரியவில்லை” என்று ஒதுங்கிக்கொள்பவரைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் எழ வேண்டும்.

கேட்கத் தயங்கும் இன்னொரு கேள்வி மதுவைப் பற்றியது. 78 வயதுப் பெரியவரிடம் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இளம் மருத்துவர்கள் கூசுகிறார்கள், குடும்பமும் மறைக்கிறது. சேர்க்கப்பட்ட இரண்டு மூன்று நாளில் அவர் நடுங்கி வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லும்போது புதிதாகப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இரவு தோறும் எடுத்துவந்த தூக்க மாத்திரையை மருத்துவமனையில் யாரும் எழுதாமல் விட்டுவிட்டாலும் இதே கதைதான். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டுவந்து காட்டுவது, உறவினர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

இல்லாததைக் காண்பதும் எப்போதும் மனநோய் ஆகாது. பார்வை மங்கிய ஒருவர், மனம் முழுத் தெளிவோடு இருக்கும்போதே, மனிதர்களையும் மாளிகைகளையும் காணக்கூடும். சார்ல் போனே என்ற சுவிஸ் அறிஞர் தம் சொந்தத் தாத்தாவிடம் கண்டு 1760இல் எழுதிவைத்த செய்தி இது; இன்றும் அந்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது. தாம் காண்பது உண்மையில் இல்லை என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். பைத்தியக்காரப் பட்டம் கிடைக்குமே என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. மாறாக, லூவி உடல் டிமென்ஷியா என்றொரு வகையில் தெளிவான தோற்றங்கள் தொடக்கத்திலேயே வரும். அவர்களுக்கு மனப்பிறழ்வை அடக்கும் சில மருந்துகளைக் கொடுத்தால், உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அத்தகைய மருந்துகள் மரண வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இரவில் ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் ஊசிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த நெருக்கடியில் நின்றவள் என்பதால், ஊசி போடுபவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர் என்றால், யார் அருகில் உட்கார்ந்து கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது?

ஆனாலும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 70 வயது நிரம்பிய 852 உள்நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இன்றைய நாளையும் இருக்கும் இடத்தையும் எடுத்துச் சொல்வது, மருந்தில்லாமல் உறங்கவைப்பது, சீக்கிரமே நடக்கவைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் அணியவைப்பது, போதிய நீர் குடிக்கவைப்பது ஆகியவற்றை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு வந்த டெலிரியம், இவர்களில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. இதில் மகனோ பேத்தியோ செய்ய முடியாத வேலை எது என்று தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

மருத்துவமனை நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. முதியவரைச் சேர்க்கும் தாளில், ‘இரண்டு வாரத்துக்கு முன் இவர் வீட்டில் எப்படி இருந்தார், சொன்னவர் யார்’ என்று ஒரு வரி இருக்கட்டும். காய்ச்சலும் வலியும் மயக்க மருந்தும் உடம்பில் இருக்கும் நாட்களில் எழுதப்படும் எந்த மனநோய்ச் சொல்லுக்கும் பக்கத்தில், அதை மறுபடி எப்போது பார்க்கப்போகிறார்கள் என்ற தேதியும் இருக்கட்டும். தேதி இல்லாத சொல் என்ன செய்யும் என்பதை நாங்கள் அனுபவித்தோம். தெளிந்து வீடு திரும்பிய அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டிமென்ஷியா’ அப்படியே இருந்தது. நான்கு மாதம் கழித்து வேறோரிடத்தில் கண்புரை அறுவைக்குப் போனபோது, அத்தாளைப் பார்த்த நொடியிலிருந்து அங்கிருந்தவர்கள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என்னிடம் பேசத் தொடங்கினார்கள். “சம்மதக் கையெழுத்து நீங்கதானே போடப்போறீங்க?” என்று கேட்டார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தம் பேனாவை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

அந்தச் சொல்லை நீக்கித் தரும்படி கேட்டு முதல் மருத்துவமனைக்கு ஏழு மாதம் அலைந்தேன். ஒருமுறை எழுதியதை மாற்ற வழியில்லை என்றார்கள், பிறகு மனு கேட்டார்கள், பிறகு மனநல மருத்துவரின் சான்று கேட்டார்கள். கடைசியில் திருத்திய தாள் கிடைத்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வரிவரியாகப் படித்தார். படித்து முடித்து, “எல்லாம் சரி, நான் சேர்ந்த தேதியில் மாதத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்” என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்